சாது நாய் கடையில் கிடைக்காது

குழந்தைக்கு ஒரு நாய் வாங்கப் போகும் பெற்றோர் பார்ப்பது இனத்தை. ஆனால் பார்க்க வேண்டியது குட்டியின் தாயை, அதன் வயதை, பிறகு தங்கள் வீட்டை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வடக்குக் கொல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் காலிஃப் தெருச் சந்தை களைகட்டுகிறது. கிளிக் கூண்டுகள், மீன் தொட்டிகள், பூச்செடிகளுக்கு நடுவே கூடைகளிலும் அட்டைப் பெட்டிகளிலும் நாய்க்குட்டிகள். அப்பாவின் விரலைப் பிடித்தபடி வரும் குழந்தை ஒரு கூடையின் முன் நின்றுவிட்டால் பேரம் பாதி முடிந்த மாதிரிதான். துள்ளிக் குதிக்கும் குட்டியைக் கண்டு அம்மாக்கள் தயங்குகிறார்கள். மூலையில் சுருண்டு தூங்கும் குட்டியைக் கை காட்டுகிறார்கள். விற்பவரும் அதைத்தான் தூக்கிக் கொடுக்கிறார். ரொம்ப சாது, குழந்தைக்கு ஏற்றது என்று ஒரு சான்றிதழும் கூடவே.

கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. சந்தைக் கூச்சலிலும் கண் திறக்காமல் கிடக்கும் குட்டி சாதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வயிறு நிறையக் குடற்புழு இருக்கலாம். பால் மறக்கும் முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டிருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளை அள்ளிக்கொண்டு போகும் பார்வோ வைரஸ் ஏற்கெனவே உள்ளே புகுந்திருக்கலாம். வீட்டுக்கு வந்த வாரத்திலேயே வாந்தி, ரத்தபேதி, டிரிப்ஸ். குழந்தை பெயர் வைத்து முடிப்பதற்குள் குட்டி போய்விடுகிறது.

பிழைத்து வளரும் குட்டிகளின் கதையிலும் சிக்கல் உண்டு. இரண்டு வயதில் அது குழந்தையைப் பார்த்து உறுமுகிறது. அல்லது வீட்டையே கிழித்துப் போடுகிறது. ஒருநாள் இரவு காரில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருகிறார்கள். கழுத்தில் பட்டையோடு நெடுஞ்சாலையோரம் திகைத்து நிற்கும் உயர்சாதி நாய்கள் இன்று எந்தப் பெருநகரத்துக்கும் புதிதல்ல.

தர்மபுத்திரர் சொர்க்கத்தின் வாசலில் நாயை விட்டுவிட்டு உள்ளே வர மறுத்ததாகச் சொல்லும் நாடு இது. அவருடன் கடைசிவரை நடந்து வந்தது என்ன இனம் என்று மகாபாரதம் சொல்லவில்லை. இன்றைய பெற்றோர்கள் கேட்கும் முதல் கேள்வியோ அதுதான்: குழந்தைக்கு எந்த இனம் நல்லது?

அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மைக் கணிப்புப்படி நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக் கடிகள். அவற்றில் நான்கில் மூன்றுக்கு மேல் நாய்க்கடி. 2022 ஜூலையில் லக்னோவில் ஒரு பிட்புல் தன் எஜமானியான 82 வயது மூதாட்டியைக் கடித்தே கொன்றது. 2024 மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறின. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் மத்திய அரசு 23 நாய் இனங்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு, அவற்றின் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தடை விதிக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று சொல்லி ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பட்டியல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெற்றோரின் கேள்விக்குப் பாதி விடைதான் இனத்தில் இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் யாரும் கேட்பதில்லை.

திரையிலிருந்து வந்த நாய்கள்

இந்தியக் குடும்பங்களின் நாய்த் தேர்வில் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் பெரிய பங்கு. 1994ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் காதலர்களைச் சேர்த்துவைத்த டஃபி, ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ். பொமரேனியன் என்ற பெயரில் அந்த வகை நாய் ஏற்கெனவே நடுத்தரக் குடும்பங்களின் செல்லம். டஃபி அதை நட்சத்திரமாகவே ஆக்கியது. சின்ன உடம்பு, குறைந்த சாப்பாடு, கூரிய காது. நல்ல காவல் மணி. ஆனால் வாலையும் காதையும் இழுக்கும் இரண்டு வயதுக் குழந்தையைப் பொறுத்துக்கொள்வது அதன் சுபாவத்தில் கொஞ்சம் குறைவு.

2003ல் ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்தது. சிறுவன் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடும் பக் நாய் நாட்டின் மனதைக் கொள்ளையடித்தது. குழந்தைக்குத் துணை என்றால் இதுதான் என்ற எண்ணம் வேரூன்றியது. பக் உண்மையிலேயே அன்பான நாய்தான். பிரச்சினை அதன் முகத்தில். அழகு என்று ரசிக்கப்படும் அந்தச் சப்பை மூக்கு, சுவாசப் பாதையைக் குறுக்கிவிடுகிறது. நாய்களுக்கு வியர்த்து உடம்பு குளிர்வதில்லை. மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். மூச்சே சிரமமான நாய் நாகபுரியின் மே மாதத்தில் குழந்தையோடு ஓடியாடினால் மயங்கி விழும்.

அதன்பின் ஓநாய்ச் சாயல் கொண்ட சைபீரியன் ஹஸ்கியின் முறை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் அந்த மோகத்துக்கு எண்ணெய் வார்த்தது. சைபீரியாவின் சுக்ச்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய் அது. இரட்டை அடுக்கு ரோமம். நாளெல்லாம் ஓடினாலும் களைக்காத கால்கள். அதைத்தான் தில்லியில் மூன்றாவது மாடிக் குடியிருப்பில் ஏ.சி. அறைக்குள் பூட்டிவைக்கிறார்கள். 2016 ஏப்ரலில் வணிக இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதை மத்திய அரசு நிறுத்தியது. ஆனால் அதற்குள் உள்ளூர்ப் பண்ணைகள் போதுமான அளவு பெருகிவிட்டன.

2022ல் கன்னடத்தில் எடுக்கப்பட்டு மற்ற மொழிகளிலும் ஓடிய '777 சார்லி' லாப்ரடார்களின் மதிப்பை மேலும் உயர்த்தியது. அந்தப் படத்தின் நாயகி சட்டவிரோத நாய்ப் பண்ணையிலிருந்து தப்பி வந்தவள் என்பதையும், அங்கே நடந்த முறைகேடான இனப்பெருக்கமே அவள் நோய்க்குக் காரணம் என்பதையும் கண்ணீர் விட்ட ரசிகர்கள் எத்தனை பேர் நினைவில் வைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

இது இந்தியாவின் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் நாய்கள் நடித்த படங்களை ஆராய்ந்து 2014ல் வெளியான ஆய்வு, ஒரு வெற்றிப் படம் அந்த இனத்தின் விற்பனையை 10 ஆண்டுகள் வரைகூடத் தூக்கிவிடக்கூடும் என்று காட்டியது. படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டில் இருக்கும்.

இனம் எவ்வளவு சொல்லும்?

2022ல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நாய்ப் பிரியர்களின் நம்பிக்கையை அசைத்தது. 18,000க்கும் அதிகமான நாய்களின் நடத்தை பற்றி அவற்றின் உரிமையாளர்களிடம் விவரம் சேகரித்து, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது ஏறக்குறைய 9 சதவீதம்தான். எளிதில் சீண்டப்படும் குணத்துக்கும் இனத்துக்கும் தொடர்பு மிக மிகக் குறைவு. அதாவது சாதுவான லாப்ரடார், முரட்டு லாப்ரடார் இரண்டுமே உண்டு.

அப்படியானால் இனம் பயனற்ற தகவலா? இல்லை. நாய் எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு ஓட வேண்டும், எவ்வளவு முடி கொட்டும், எந்த வெயிலைத் தாங்கும், கடித்தால் எவ்வளவு சேதம் ஆகும் என்பதை இனம் சொல்லும். குழந்தை உள்ள வீட்டுக்கு இவை முக்கியமான கேள்விகள்.

உலகெங்கும் குழந்தைகளுள்ள வீடுகளில் லாப்ரடார் முதலிடம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் நாய் வம்சம் அது. பிரிட்டனில் வேட்டைத் துணையாகச் செம்மைப்படுத்தி 1903ல் தனி இனமாக அங்கீகரித்தார்கள். சுட்டு வீழ்த்திய பறவையைச் சிறகு கசங்காமல் வாயில் கவ்வி எஜமானிடம் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. மென்மையாகக் கவ்வவும் மனிதர் சொல் கேட்கவும் தெரிந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். ஸ்காட்லாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவான கோல்டன் ரெட்ரீவரும் அதே பள்ளியின் மாணவன்.

ஆனாலும் லாப்ரடார் வாங்கும் பெற்றோர் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். வளர்ந்த ஆண் நாய் 30 கிலோவைத் தாண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் அதன் உற்சாகத்துக்கு அளவே கிடையாது. கெட்ட எண்ணம் எதுவுமில்லாமலே மூன்று வயதுக் குழந்தையை நாளுக்கு நாலு முறை தள்ளிவிடும். இரண்டாவது, அதன் பசி. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 2016ல் கண்டறிந்தபடி ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்கு, வயிறு நிறைந்தது என்பதை உணர்த்தும் மரபணுவில் குறை இருக்கிறது. குழந்தையின் கையிலுள்ள பிஸ்கெட் அதற்குச் சொந்தப் பிஸ்கெட். மூன்றாவது, இடுப்பு மூட்டுக் கோளாறு. பெற்றோர் நாய்களுக்கு இருந்தால் குட்டிக்கும் வர வாய்ப்பு அதிகம்.

மாடிக் குடியிருப்புகளில் இப்போது அதிகம் தென்படும் பீகிள், அளவில் சிறியது, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மோப்பம் பிடித்துத் துரத்தவே பிறந்தது. கதவு திறந்திருந்தால் ஓடிவிடும், தனிமையில் விட்டால் ஊளையிட்டு அண்டை வீட்டாரைப் பகையாக்கும். ஜெர்மன் ஷெப்பர்ட் புத்திசாலி, விசுவாசி. ஆனால் வேலையும் பயிற்சியும் இல்லாத ஷெப்பர்ட் பதற்றமாகும்; விளையாட வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை எதிரியாகப் பார்க்கும்.

நம் நாட்டு வேட்டை நாய்களுக்குக் கடந்த சில ஆண்டுகளாக நல்ல காலம். முதோல், ராம்பூர், ராஜபாளையம், இமாலய மேய்ப்பு நாய் ஆகிய நான்குக்கும் 2005 ஜனவரியில் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. 2020ல் பிரதமர் வானொலி உரையில் இந்திய இனங்களை வளர்க்கச் சொன்ன பிறகு தேவை கூடியது. கம்பீரமான நாய்கள்தான். ஆனால் முதோலும் ராஜபாளையமும் திறந்த வெளியில் முயலையும் காட்டுப் பன்றியையும் துரத்தப் பழகியவை. வயலும் தோட்டமும் உள்ள வீட்டில் அவை ராஜா. இரண்டு படுக்கையறைக் குடியிருப்பில் கைதி.

எட்டு வாரக் கணக்கு

குணத்தில் இனத்தின் பங்கு சிறிது என்றால் மீதி எங்கிருந்து வருகிறது? பெரும் பகுதி, குட்டியின் முதல் மூன்று மாதங்களிலிருந்து. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்துக் கவனித்து 1965ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 3ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரை குட்டியின் மனம் ஒரு திறந்த கதவு. அந்த நாட்களில் மனிதக் கை, குழந்தையின் சிரிப்பு, குக்கர் விசில், படிக்கட்டு, ஆட்டோ சத்தம் எல்லாம் பழகிவிட்டால் வாழ்நாள் முழுக்கப் பயமில்லை. கம்பிக் கூண்டையும் இருட்டையும் மட்டுமே பார்த்த குட்டிக்குக் குழந்தைகூட விநோத ஜந்துதான். பயந்த நாய்தான் பெரும்பாலும் கடிக்கிறது.

அதே வாரங்களில் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுகின்றன. அளவுக்கு மீறிக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடுகிறது, தாயும் கண்டிக்கிறது. பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்ற பாடம் இப்படித்தான் கிடைக்கிறது. ஒரு மாதத்தில் பிரித்து விற்கப்படும் குட்டி இந்தப் பாடத்தைப் படிக்காமலே குழந்தையின் மடிக்கு வருகிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து 2017ல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். காகிதத்தில் கடுமையான விதிகள்தான். கூடைகளுக்கும், செல்போனில் படம் அனுப்பிவிட்டுப் பேருந்தில் பார்சல் போல் குட்டியை அனுப்பிவைப்பவர்களுக்கும் அவை எட்டவில்லை.

ஆகவே குட்டி வாங்குகிறவர்தான் இன்ஸ்பெக்டராக மாற வேண்டியிருக்கிறது. குட்டி பிறந்த இடத்துக்கே போய்த் தாயைப் பார்ப்பது முதல் வேலை. வந்தவர்களைக் கண்டு வாலாட்டும் தாயா, பதுங்கும் தாயா, உறுமும் தாயா? குட்டிகள் கற்றுக்கொண்டிருப்பது அதனிடம்தான். தாய் ஊரில் இருக்கிறது, வேறு பண்ணையில் இருக்கிறது என்று சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்புவது நல்லது. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழ் குட்டியின் வம்சத்தைச் சொல்லும். ஆனால் அதன் ஆரோக்கியத்துக்கோ குணத்துக்கோ அது உத்தரவாதம் அல்ல. இடுப்பு எக்ஸ்ரே, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது குட்டி. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முதலில் பாய்ந்து வருவதும் வேண்டாம், மூலையில் ஒடுங்குவதும் வேண்டாம். சாவிக் கொத்தைத் தரையில் போட்டால் திடுக்கிட வேண்டும். சில நொடிகளில் தெளிந்து, என்ன அது என்று மோந்து பார்க்க வர வேண்டும். தூக்கி மல்லாத்தினால் கொஞ்சம் நெளிந்துவிட்டு அடங்க வேண்டும். கண்ணில் பீளை, மூக்கில் சளி, வாலடியில் ஈரம் இருக்கக்கூடாது. இந்தச் சோதனைகள் முழு எதிர்காலத்தையும் காட்டும் ஜாதகம் அல்ல. ஆனால் தூங்கும் குட்டியைச் சாது என்று நம்புவதைவிட மேல்.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டுக்குக் குட்டியே வேண்டாம் என்ற யோசனையும் உண்டு. குட்டிக்குப் பல் முளைக்கும் வயது, குழந்தைக்கு எதையும் பிடித்து இழுக்கும் வயது. வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள் என்று அர்த்தம். குணம் நிலைபெற்றுவிட்ட, குழந்தைகளோடு ஏற்கெனவே பழகிய இரண்டு மூன்று வயது நாயை எடுப்பதில் சூதாட்டம் குறைவு.

தெருவில் பிறந்தால் என்ன?

பட்டியலில் யாரும் எழுதாத ஒரு பெயர் உண்டு: நாட்டு நாய். குட்டையான ரோமம், நீண்ட மூக்கு, அளவான உடம்பு. இந்த மண்ணின் வெயிலிலும் மழையிலும் பல தலைமுறை தப்பிப் பிழைத்தவை என்பதால், நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்து உண்டாக்கப்பட்ட உயர்சாதி நாய்களின் பரம்பரை நோய்கள் இவற்றில் குறைவு. தயிர்சாதமும் முட்டையும் இவற்றுக்குப் புதிதல்ல. எட்டு வாரத்தில் வீட்டுக்கு வந்து குழந்தைகளோடு வளரும் நாட்டு நாய், விசுவாசத்தில் எந்தச் சீமை நாய்க்கும் சளைத்ததல்ல. குறைகளும் உண்டு. அந்நியர்களிடம் எச்சரிக்கை, எல்லையைக் காக்கும் வேகம். வளர்ந்த பிறகு தெருவிலிருந்து நேராகக் கொண்டுவந்த நாய்க்கு நாலு சுவர் பழகப் பொறுமை தேவை.

சென்னையின் புளூ கிராஸ், பெங்களூரின் கூபா, தில்லியின் ஃப்ரெண்டிகோஸ் போன்ற அமைப்புகள் குட்டிகளையும், கைவிடப்பட்ட லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட்களையும் தத்து தருகின்றன. அங்கே வளர்ந்த நாயின் குணத்தைப் பராமரிப்பவர்களிடமே கேட்டறியலாம், குழந்தையை அழைத்துப் போய் இரண்டு மூன்று முறை பழகவிட்டும் பார்க்கலாம். எந்தக் கடையிலும் இந்த வசதி கிடையாது. தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றது. ஒரு நிபந்தனையோடு: எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வரக்கூடாது.

கடிக்கும் முன் நாய் பேசுகிறது

நல்ல தாய், சரியான வயது, தெளிந்த குட்டி. இத்தனையும் கிடைத்த பிறகு மீதி வேலை வீட்டில். குழந்தைகளைக் கடித்த 103 நாய்களை ஆராய்ந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2007ல் வெளியிட்ட முடிவு பெற்றோர்களுக்கு அதிர்ச்சி தரக்கூடியது. சிறு குழந்தைகள் பெரும்பாலும் கடிபட்டது, நாய் தன் உணவையோ பொருளையோ காத்துக்கொண்டிருந்த நேரத்தில். கடித்த நாய்களில் பெரும்பாலானவை அதற்குமுன் எந்தக் குழந்தையையும் கடித்ததில்லை. எங்கள் நாய் ஒன்றும் செய்யாது என்று சொல்லப்பட்ட நாய்கள்தான் அவை.

நாய் திடீரென்று கடிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியில்லாமலே உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். உடம்பு விறைக்கும். கடைசியாக உறுமும். குழந்தை நாயைக் கட்டிப்பிடித்து நிற்கும் எத்தனையோ புகைப்படங்களில் குழந்தையின் சிரிப்பு தெரிகிறது; நாயின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. குரங்கினத்துக்கு அணைப்பு அன்பு. நாய்க்கு அது பெரும்பாலும் சிறைப்பிடிப்பு.

உறுமும் நாயை அடிப்பது பல வீடுகளில் நடக்கும் தவறு. அடி வாங்கிய நாய் கோபத்தை மறப்பதில்லை, உறுமலைத்தான் மறக்கிறது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் பாய்கிறது. உறுமல் கேட்டால் குழந்தையை மெல்ல விலக்கி, காரணத்தைத் தேடுவதுதான் சரி. காதில் சீழ், மூட்டில் வலி என்றுகூட இருக்கலாம்.

வீட்டுக்குச் சில சட்டங்கள் போதும். நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் குழந்தை அருகே போகக்கூடாது. நாய்க்கென்று ஒரு மூலை, அங்கே குழந்தைக்கு அனுமதி இல்லை. நாய் தானாக வந்தால் தடவலாம், தேடிப்போய்ப் பிடிக்கக்கூடாது. நெஞ்சையும் தோளையும் தடவலாம், தலைக்கு மேல் கை நீட்டக்கூடாது. ஆறேழு வயதுவரை நாயையும் குழந்தையையும் ஐந்து நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது. நாய் எவ்வளவு தங்கமானதாக இருந்தாலும். குழந்தை அன்போடு ஊட்டும் சாக்லேட், திராட்சை, வெங்காய பஜ்ஜி மூன்றும் நாய்க்கு விஷம் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

ஊசியும் சோப்பும்

நாய் வளர்க்கும் வீடு மறக்கக்கூடாத பெயர் ரேபிஸ். உலகில் ஆண்டுக்கு 59,000 பேர் அதற்குப் பலியாவதாக மதிப்பீடு. சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 சதவீதத்தினர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். நோய் முற்றிய பின் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் தடுப்பது நூற்றுக்கு நூறு சாத்தியம்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் தொடங்க வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஒரு மாதத்துக்குள் மறு ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். குடற்புழு மருந்தையும் தவறவிடக்கூடாது. நாயின் புழு குழந்தையின் உடம்பிலும் குடியேறும்.

குழந்தையைக் கடித்துவிட்டால், பல் பதிந்தாலும் வெறும் கீறலானாலும், 15 நிமிடம் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்கக்கூடாது. பிறகு நேரே மருத்துவமனை. வீட்டு நாய்தான், ஊசி போட்ட நாய்தான் என்று தாமாகவே முடிவு செய்யக்கூடாது. அதை மருத்துவர் சொல்லட்டும். ரத்தம் வரும் காயம் என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் தேவை. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று இன்றும் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பழைய மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டு 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது கையில் போடும் நாலைந்து ஊசிகள்தான். குழந்தைகள் கடிபட்டதை மறைப்பதற்குக் காரணம் ஊசியைவிடத் திட்டுக்குப் பயம். சொன்னால் திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதும் ஒரு தடுப்பூசிதான்.

யாருடைய நாய்?

நாயைப் பார்த்துக்கொள்வேன், தினமும் வெளியே கூட்டிப்போவேன், கழிவை அள்ளுவேன் என்று எட்டு வயதுக் குழந்தை சத்தியம் செய்யும். மனப்பூர்வமாகவே செய்யும். மூன்றாவது வாரம் தேர்வு வந்துவிடும். காலை ஐந்தரை மணிக்குக் கழுத்துப் பட்டையோடு தெருவில் நிற்கப்போவது அப்பா அல்லது அம்மா. சில வீடுகளில் பாட்டி. அந்த மூவரில் ஒருவர் மனதார ஒப்புக்கொள்ளாத வீட்டில் நாய் வேண்டாம். குழந்தைக்குப் பொறுப்பைக் கற்றுத்தருவதற்காக நாய் வாங்குவது, நீச்சல் கற்றுத்தருவதற்காக இன்னொரு உயிரைத் தண்ணீரில் தள்ளுவது மாதிரி. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் குழந்தை கற்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் மாற்றுவது, வாரம் ஒருமுறை சீவிவிடுவது என்று வயதுக்கேற்ற வேலையைப் பிறகு கொடுக்கலாம்.

குடியிருப்போர் சங்கங்கள் நாய்க்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே அறிவுறுத்தியிருக்கிறது. அதே அறிவுரையில் உரிமையாளர்களின் கடமையும் உண்டு: கழிவைச் சுத்தம் செய்வது, தடுப்பூசி போடுவது, அயலாருக்குத் தொல்லையில்லாமல் பார்த்துக்கொள்வது. பெரும்பாலான மாநகராட்சிகளில் உரிமமும் எடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்தால் கிடைப்பது சிறியதல்ல. கண்டிக்காத, மதிப்பெண் கேட்காத, பள்ளியிலிருந்து வரும் நேரத்தைக் கடிகாரமில்லாமல் அறிந்து வாசலில் நிற்கும் ஒரு தோழமை. ஐந்து வயதில் வந்த நாய், குழந்தை பள்ளி முடிக்கும் சமயம் கிழமாகியிருக்கும். படியேற முடியாமல் நிற்கும். அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறும் பிள்ளை, எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித்தராத ஒன்றைக் கற்றிருக்கிறது. நாயின் விசுவாசத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த நாளில் சோதிக்கப்படுவது குடும்பத்தின் விசுவாசம்.

காலிஃப் தெருவில் வெயில் ஏறுகிறது. கூடையின் முன் இன்னொரு குடும்பம் குனிகிறது. குழந்தை தூங்கும் குட்டியைத் தொட்டுப் பார்க்கிறது. விலை என்ன, என்ன இனம், கடிக்குமா? வழக்கமான மூன்று கேள்விகள். நாலாவதாக ஒன்று கேட்டால் பல கூடைகள் மூடிக்கொள்ளும். ஒரு குழந்தையும் ஒரு குட்டியும் தப்பும்.

இதன் தாய் எங்கே?